கேமர் என்பவர் யார்? வீடியோ கேம் உலகில் இடமும் நியாயமும் அடையாளமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடியோ கேம் ஆடுபவர்களிடையே பத்து ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு சண்டை ஓயாமல் நடக்கிறது. இங்கே யாருக்கு இடம் உண்டு, உண்மையான கேமர் யார், பெண்களும் திருநர்களும் மாற்றுத்திறனாளிகளும் குரல் கொடுக்கத் தொடங்கியதால் ஆட்டம் கெட்டுவிட்டதா என்பதுதான் சண்டை. இதைப் பற்றி நண்பர்களும் பெற்றோர்களும் இளம் ஆட்டக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் என் சார்பு தெரியும். அதை மறைக்க நான் முயலவில்லை.

வீடியோ கேம் ஆண் பிள்ளைகளுக்காகத்தானே உருவானது? மற்றவர்கள் பின்னால் வந்து சேர்ந்தவர்கள்தானே?

இந்த நம்பிக்கை பரவலானது, ஆனால் வரலாறு இதற்கு இடம் கொடுப்பதில்லை. 1980-இல் ஜப்பானில் நாம்கோ நிறுவனத்துக்காக பேக்-மேன் ஆட்டத்தை வடிவமைத்த தோரு இவதானி, பெண்களும் ஜோடியாக வருபவர்களும் காசு போட்டு ஆடும் ஆர்கேட் கடைக்குள் நுழைய வேண்டும் என்றே அதை அப்படி அமைத்தார். அன்றைய ஆர்கேட்களில் வேற்றுக்கிரகவாசிகளைச் சுடும் ஆட்டங்களே நிறைந்திருந்தன. சுடுவதற்குப் பதிலாகத் தின்பதை ஆட்டமாக்கினார் அவர். 1981-இல் வந்து பெரும் வெற்றி பெற்ற சென்டிபீட் ஆட்டத்தை எட் லாக்குடன் சேர்ந்து உருவாக்கியவர் டோனா பெய்லி. அதை வெளியிட்ட அடாரி நிறுவனத்தின் ஆர்கேட் பிரிவில் அப்போது இருந்த ஒரே பெண் நிரலாளர் அவர்தான். அடுத்த ஆண்டு கரோல் ஷா 'ரிவர் ரெய்டு' ஆட்டத்தை எழுதினார். ராபர்ட்டா வில்லியம்ஸ் 1984-இல் கிங்ஸ் குவெஸ்ட் தொடரைத் தொடங்கி, கதை சொல்லும் ஆட்டங்களுக்கே ஒரு பாதை போட்டார்.

கேசட்டை மாற்றி மாற்றிப் போட்டு வேறு வேறு ஆட்டங்களை ஆடலாம் என்ற ஏற்பாடு, 1976-இல் ஃபேர்சைல்டு சேனல் எஃப் என்ற கருவியில் முதன்முதலாக வந்தது. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கிய ஜெர்ரி லாசன் ஒரு கறுப்பினப் பொறியாளர். நான்கு பேர் ஒரே திரைமுன் உட்கார்ந்து ஆடும் 'மியூல்' 1983-இல் வந்தது. அதை வடிவமைத்த டானியெல் பன்டென் பெர்ரி, பின்னாளில் தன்னைத் திருநங்கையாக வெளிப்படுத்திக்கொண்டு வாழ்ந்தவர். ஆக, யாரையெல்லாம் 'புதிதாக வந்தவர்கள்' என்று இன்று சிலர் ஒதுக்குகிறார்களோ, அவர்கள் அத்தனை பேரும் அஸ்திவாரம் தோண்டும்போதே அங்கே நின்றவர்கள்.

அப்படியானால் அது எப்படிப் பையன்களின் பொருளாக மாறியது?

கடை அலமாரி மாற்றியது. 1983-இல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்து விழுந்தது. மட்டமான ஆட்டங்கள் குவிந்து, கடைக்காரர்கள் இனி இந்தச் சரக்கே வேண்டாம் என்று கைவிட்டார்கள். 1985-இல் தன் கருவியுடன் அமெரிக்காவுக்கு வந்த நிண்டெண்டோ, அதை மின்னணுப் பொருளாகக் காட்டினால் விற்காது என்று கணித்து, கூடவே ஒரு சிறு ரோபோவை வைத்துப் பொம்மையாக விற்றது. அமெரிக்கப் பொம்மைக் கடைகளிலோ பையன்கள் பக்கம், பெண் பிள்ளைகள் பக்கம் என்று அலமாரிகள் பிரிந்திருந்தன. ஏதாவது ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். பையன்கள் பக்கம் வைத்தார்கள். விளம்பரத்தில் பையன்கள் வந்தார்கள். விளம்பரத்தைப் பார்த்துப் பையன்கள் வாங்கினார்கள். வாங்குபவர்கள் பையன்கள் என்பதால் அவர்களுக்காகவே ஆட்டங்கள் எழுதப்பட்டன. 1989-இல் வந்த கைக்கருவிக்கு வைத்த பெயரே கேம் பாய். ஒரு வியாபார முடிவு இருபது ஆண்டுகளில் இயற்கை விதி போலத் தோன்றத் தொடங்கிவிட்டது.

2014-இல் நடந்த 'கேமர்கேட்' என்ன? இன்னும் ஏன் அதைப் பேசுகிறார்கள்?

ஸோயி குவின் என்ற தனி உருவாக்குநர், மனச்சோர்வுடன் வாழ்வது எப்படியிருக்கும் என்பதை எழுத்தாலேயே உணர்த்தும் 'டிப்ரெஷன் குவெஸ்ட்' என்ற சிறிய ஆட்டத்தை 2013-இல் வெளியிட்டிருந்தார். அதை இலவசமாகவே ஆடலாம். 2014 ஆகஸ்டில் அவருடைய முன்னாள் காதலர், அவரைத் தூற்றி இணையத்தில் நீண்ட பதிவொன்றை எழுதினார். அதைப் பிடித்துக்கொண்ட கூட்டம், நல்ல விமர்சனம் பெறுவதற்காக அவர் ஒரு செய்தியாளருடன் உறவு வைத்திருந்தார் என்று கிளப்பியது. அந்தச் செய்தியாளர் அவருடைய ஆட்டத்துக்கு விமர்சனமே எழுதியதில்லை. எழுதப்படாத ஒரு விமர்சனத்தைக் காரணம் காட்டித்தான், 'கேமர்கேட்' என்ற ஹேஷ்டேக்கின் கீழ் நடந்த இத்தனையும் தொடங்கியது.

குவினின் வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் இணையத்தில் போடப்பட்டன. கொலை மிரட்டல்களும் பாலியல் வன்முறை மிரட்டல்களும் குவிந்தன. அவர் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. ஆதரவாகப் பேசிய உருவாக்குநர் பிரியானா வூவுக்கும் அதே கதி. அனிட்டா சார்க்கீசியனின் நிலை இன்னும் கொடியது. வீடியோ கேம்களில் பெண்கள் எப்படிச் சித்திரிக்கப்படுகிறார்கள் என்று ஆராயும் காணொளித் தொடருக்காக 2012-இல் அவர் பொதுமக்களிடம் 6,000 டாலர் கேட்டார். அன்றே வசை தொடங்கியது. அவர் முகத்தில் குத்தினால் ரத்தக் காயம் தெரியும் ஓர் ஆட்டத்தைக்கூடச் செய்து வெளியிட்டார்கள். அதைக் கண்டு கொதித்தவர்கள் அள்ளிக் கொடுத்ததில் ஏறத்தாழ 1,58,000 டாலர் சேர்ந்தது. 2014 அக்டோபரில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் பேசவிருந்தபோது, அரங்கில் துப்பாக்கிச் சூடு நடத்தி அவரையும் மாணவர்களையும் கொல்வதாக மின்னஞ்சல் வந்தது. உரிமம் உள்ளவர்கள் துப்பாக்கியுடன் வளாகத்துக்குள் வருவதைத் தடுக்க அந்த மாநிலச் சட்டம் இடம் தரவில்லை. அவர் கூட்டத்தை ரத்து செய்தார். ஆட்டங்களைப் பற்றிப் பேச ஒரு பெண் மேடையேற முடியாமல் போன நாள் அது.

இன்னும் பேசுவதற்குக் காரணம் உண்டு. ஒருவரைக் கூட்டமாகக் குறிவைப்பது, முகவரியை வெளியிடுவது, ஹேஷ்டேக்கின் கீழ் அணிதிரண்டு விளம்பரதாரர்களுக்குக் கடிதமழை அனுப்புவது ஆகிய உத்திகள் அப்போதுதான் கூர்தீட்டப்பட்டன. கேமர்கேட் கூட்டத்தின் கடிதங்களால் இன்டெல் நிறுவனம் கேம் உருவாக்குநர்களுக்கான ஒரு தளத்திலிருந்து தன் விளம்பரத்தை விலக்கிக்கொண்டது, கண்டனம் எழுந்ததும் வருத்தம் தெரிவித்தது. அதே உத்திகளைப் பிறகு அரசியலிலும் சினிமாவிலும் பார்த்தோம், இன்றும் பார்க்கிறோம்.

ஆனால் இதழியல் நேர்மை பற்றிக் கேமர்கேட் கூட்டத்தினர் எழுப்பிய கேள்வி நியாயமானதுதானே?

கேள்வி நியாயமானது, கேட்கப்பட்ட இடம்தான் தவறு. கேம் இதழியலில் நேர்மைச் சிக்கல் உண்மையிலேயே இருந்தது. 2007-இல் 'கேன் அண்டு லிஞ்ச்' என்ற ஆட்டத்துக்குச் சுமாரான மதிப்பெண் கொடுத்த ஜெஃப் கெர்ஸ்ட்மன், கேம்ஸ்பாட் தளத்திலிருந்து நீக்கப்பட்டார். அந்த ஆட்டத்தை வெளியிட்ட நிறுவனம் அதே தளத்தில் பெரிய விளம்பரதாரர். விளம்பரப் பணத்தின் அழுத்தமே காரணம் என்பதை 2012-இல் அவரே உறுதிப்படுத்தினார். பெரு நிறுவனத்தின் பணம் விமர்சகரின் வேலையைப் பறித்தது என்றால், அதைவிடத் தெளிவான நேர்மைப் பிரச்சினை என்ன இருக்கிறது? அதற்கெல்லாம் திரளாத கோபம், இலவச ஆட்டமொன்றை எழுதிய தனிநபர் மீது திரண்டது. இதற்குப் பிறகும் அதை நேர்மைக்கான இயக்கம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

'கேமர்' என்ற அடையாளத்தின் மீது ஏன் இத்தனை பற்று? அது வெறும் பொழுதுபோக்குதானே?

ஆடாதவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். பள்ளியில் ஒதுக்கப்பட்டவன், விளையாட்டு மைதானத்தில் கடைசியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவன், பேச்சு வராதவன் எனப் பலருக்கு அந்தத் திரைதான் புகலிடம். அங்கே அவனுக்குத் திறமை இருந்தது, மரியாதை கிடைத்தது. "இதெல்லாம் உருப்படாத வேலை" என்று வீடும் ஊரும் சொன்ன காலத்தில், அந்த இகழ்ச்சியையே சட்டைப் பதக்கமாக அணிந்துகொண்டவர்கள் தங்களைக் கேமர் என்று அழைத்துக்கொண்டார்கள். 2014 ஆகஸ்ட் இறுதியில், கேமர் என்ற அடையாளத்தின் காலம் முடிந்துவிட்டது என்ற தொனியில் பல கட்டுரைகள் சில நாட்களுக்குள் அடுத்தடுத்து வெளிவந்தன. அவற்றில் சிலவற்றின் மொழி கடுமையானது. அடையாளத்தையே பறிக்கிறார்கள் என்று பலர் புண்பட்டதை நான் பொய் என்று சொல்லமாட்டேன். யாரையும் மிரட்டாத, யாரையும் வையாத ஓர் இளைஞனுக்கும் அந்த வரிகள் வலித்திருக்கும்.

அதே ஆண்டு அமெரிக்க வீடியோ கேம் தொழில் அமைப்பு வெளியிட்ட புள்ளிவிவரம் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே ஆடுபவர்களில் 48 விழுக்காட்டினர் பெண்கள். பதினெட்டு வயதைத் தாண்டிய பெண்கள் 36 விழுக்காடு, பதினெட்டு வயதுக்குட்பட்ட பையன்கள் 17 விழுக்காடு. பதின்வயதுப் பையன்தான் கேமர் என்ற படம் அப்போதே காலாவதியாகிவிட்டிருந்தது. ஒதுக்கப்பட்டவர்களின் புகலிடம் என்று பெருமைப்படும் ஓரிடம், அதே காரணத்துக்காகக் கதவைத் தட்டும் இன்னொருவரை விரட்டுவதை என்னால் ஏற்க முடிவதில்லை.

கைபேசியில் ஆடுபவரும் கேமர்தானா?

ஆம். தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. 2000-களில் நம் ஊர்களில் கேம் ஆடும் இடம் பிரவுசிங் சென்டர்தான். ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, கூட்டமாக உட்கார்ந்து கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடினார்கள். இருட்டான அந்த அறைகளுக்குத் தன் மகள் போய் இரவு எட்டு மணிவரை உட்காருவதை எந்த வீட்டில் அனுமதித்தார்கள்? சொந்தக் கணினியோ விலையுயர்ந்த கன்சோலோ பெரும்பாலான வீடுகளுக்கு எட்டாத பொருள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையம் மலிவானபின், ஆட்டம் வீட்டுக்குள் வந்தது. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவி, ஷிஃப்ட் முடித்து வரும் தொழிலாளி, ஓய்வுபெற்ற ஆசிரியர் என எல்லார் கைக்கும் வந்தது. கைபேசி ஆட்டத்தை மட்டமாகப் பேசுபவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, கருவி வாங்க வசதியுள்ளவருக்கே அடையாளம் என்று சொல்கிறார்கள். நம் நாட்டில் அந்த வசதிக்குச் சாதியும் வகுப்பும் பாலினமும் சேர்ந்தே எல்லை போட்டிருக்கின்றன.

உடல் வலிமை தேவைப்படாத ஆட்டத்தில் பெண்களுக்குத் தனிப் போட்டி எதற்கு?

இதே கேள்வியைத்தான் 2014 ஜூலையில் உலகமே கேட்டது, அதுவும் எதிர்த்திசையிலிருந்து. பின்லாந்தில் நடக்கவிருந்த ஒரு தகுதிச் சுற்றில், ஹார்த்ஸ்டோன் என்ற சீட்டாட்டம் ஆண்களுக்கு மட்டும் என்று அறிவித்தார்கள். வீடியோ கேம் போட்டிகளை நடத்தும் சர்வதேச இ-ஸ்போர்ட்ஸ் கூட்டமைப்பின் விதி அப்படி இருந்தது. சீட்டை நகர்த்த எதற்கு ஆண்? கண்டனம் வெடித்ததும், அறிவிப்பு வெளியான ஓரிரு நாட்களுக்குள் கூட்டமைப்பு அந்தப் பிரிவை எல்லோருக்கும் திறந்துவிட்டது.

விதி திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் கேகுரியின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். தென்கொரியாவைச் சேர்ந்த கிம் சே-யோன் என்ற பதின்வயதுப் பெண் அந்தப் பெயரில் ஓவர்வாட்ச் என்ற சுடும் ஆட்டத்தை ஆடினார். 2016-இல் ஒரு தகுதிச் சுற்றில் அவருடைய குறி அவ்வளவு துல்லியமாக இருந்ததால், ஏமாற்று மென்பொருள் பயன்படுத்துகிறார் என்று எதிரணியினர் குற்றம்சாட்டினார்கள். ஆட்டத்தை நடத்தும் நிறுவனம் சோதித்து, குற்றமில்லை என்று சொன்னது. அதுவும் போதவில்லை. கடைசியில் அவர் ஓர் அரங்குக்கு வந்து, கையையும் திரையையும் கேமராக்கள் காட்ட, நேரலையில் ஆடிக்காட்டினார். குறி அதே துல்லியம். குற்றம்சாட்டிய இருவர் ஆட்டத்தைவிட்டே விலகினார்கள். 2018-இல் ஷாங்காய் டிராகன்ஸ் அணியில் சேர்ந்து, ஓவர்வாட்ச் லீக்கின் முதல் பெண் ஆட்டக்காரரானார் அவர். நன்றாக ஆடியதற்காகவே ஒருவர் தன் கைகளைக் கேமரா முன் காட்டி நிரூபிக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அதே 2018 பிப்ரவரியில், கனடாவின் சாஷா ஹாஸ்டின், ஆட்டக்களப் பெயர் ஸ்கார்லெட், பியோங்சாங்கில் நடந்த ஸ்டார்கிராஃப்ட் 2 போட்டியில் கோப்பை வென்றார். அவர் ஒரு திருநங்கை. கொரிய வீரர்களே ஆண்டுவந்த அந்த ஆட்டத்தில், கொரிய மண்ணிலேயே நடந்த போட்டியில் கிடைத்த வெற்றி அது. திறமை இருக்கிறது என்பதற்கு இனி யாரும் சான்று தேட வேண்டியதில்லை.

பின் தனிப் போட்டி எதற்கு? பயிற்சிக்கு. பெரிய அணியில் இடம் பிடிக்க, நல்ல எதிரிகளுடன் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஆட வேண்டும், ஆடும்போது கூட்டாளிகளுடன் பேசியே ஆக வேண்டும். வாயைத் திறந்ததும் வசவு விழும் என்றால் மைக்கை அணைத்துவிட்டு ஆடத் தோன்றும். மைக் இல்லாமல் அணி ஆட்டத்தில் முன்னேற முடியாது. 2021-இல் ரயட் நிறுவனம் வேலரன்ட் ஆட்டத்துக்குத் தொடங்கிய 'கேம் சேஞ்சர்ஸ்' தொடர் பெண்களுக்கும் பிற விளிம்புநிலைப் பாலினத்தவருக்கும் அந்த இடத்தைத் தருகிறது. தனித் தொடர் நிரந்தரமாக நீடித்து, பொதுத் தொடருக்குப் போகும் வழி அடைபட்டுவிட்டால் அதுவும் ஒரு ஒதுக்குப்புறமாகிவிடும். அந்தக் கவலை எனக்கு உண்டு.

ஆண்கள் பெண் பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்து ஆடுகிறார்களே, அதை எப்படிப் புரிந்துகொள்வது?

கூத்தில் ஆண் கலைஞர் பாஞ்சாலி வேடம் கட்டி ஊரையே அழவைப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிராக இருக்க வேண்டியதில்லை. 1986-இல் வந்த மெட்ராய்டில், கவசம் பூண்ட வீரரை ஆட்டம் முழுக்க இயக்கியவர்களுக்கு, விரைவாக முடித்தால் கடைசிக் காட்சியில் அந்தக் கவசத்துக்குள் இருந்தது சாமஸ் என்ற பெண் என்று தெரியவந்தது. 1996-இல் டூம்ப் ரெய்டர் ஆட்டத்தின் நாயகி லாரா கிராஃப்டாக ஓடிக் குதித்தவர்களில் பையன்களுக்குக் கணக்கே இல்லை. பலருக்கு அது வேடம் மட்டுமே. சிலருக்கு அதற்கும் மேல். தாங்கள் யார் என்பதை வெளியே சொல்லுமுன், கேம் பாத்திரம் வழியாகத்தான் முதன்முதலில் அந்தப் பெயரில், அந்த உடலில் இருந்து பார்த்தோம் என்று திருநர் ஆட்டக்காரர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். 2018-இல் வந்த செலஸ்டி ஆட்டத்தில் மலையேறும் மேடலின் ஒரு திருநங்கை என்பதை, அதை உருவாக்கிய மேடி தோர்சன் 2020-இல் வெளிப்படையாக எழுதினார். தன்னைத் தான் கண்டுகொண்டதும் அந்தப் பாத்திரத்தை எழுதியதும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன என்றார்.

எல்லா ஆட்டத்திலும் பன்மைத்துவத்தை வலிந்து திணிக்கிறார்களே? அதனால்தானே ஆட்டங்கள் தோற்கின்றன?

2023-இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 ஆட்டத்தில், உங்கள் பாத்திரம் எந்தப் பாலினமாக இருந்தாலும் காதல் கதை உள்ள எந்தத் தோழரையும் தோழியையும் காதலிக்கலாம். அது அந்த ஆண்டின் பெரிய விருதுகளை அள்ளியது. 2024 ஆகஸ்டில் சோனி வெளியிட்ட கான்கார்டு என்ற ஆட்டம் இரண்டே வாரத்தில் விலக்கப்பட்டு, வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. அதன் பன்மைத்துவமே காரணம் என்று எழுதினார்கள். இலவச ஆட்டங்கள் நிறைந்த ஒரு வகைமையில் 40 டாலர் விலை வைத்தால் யார் வாங்குவார்கள் என்ற கேள்வி அவர்களுக்குத் தோன்றவில்லை. 2024 தொடக்கத்தில், மொன்ட்ரியாலைச் சேர்ந்த ஸ்வீட் பேபி என்ற சிறு கதை ஆலோசனை நிறுவனம்தான் எல்லா ஆட்டங்களையும் ரகசியமாக மாற்றுகிறது என்று ஒரு கதை கிளம்பி, அதன் ஊழியர்கள் மீது வசைமழை பொழிந்தது. ஆலோசகர் யோசனை சொல்வார், எடுப்பதும் விடுப்பதும் ஆட்டத்தை உருவாக்கும் நிறுவனத்தின் கையில்தான்.

மோசமாக எழுதப்பட்ட பாத்திரத்தை மோசம் என்று சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு. கறுப்பினத்தவர் சாமுராய் கதையில் வரலாமா என்று அசாசின்ஸ் கிரீட் ஷேடோஸ் ஆட்டத்தின் மீது நடந்த சண்டை அந்த வகையைச் சேர்ந்ததல்ல. அந்த ஆட்டத்தின் நாயகர்களில் ஒருவரான ஆப்பிரிக்கர் யாசுகே, 1581 வாக்கில் ஜப்பானியப் போர்த்தலைவர் ஓடா நோபுனாகாவிடம் பணிபுரிந்தார் என்பது ஏடுகளில் இருக்கிறது. அவருடைய தகுதி, பதவி பற்றி வரலாற்றாசிரியர்கள் வாதிடட்டும், அவர் அங்கே இருந்ததையே மறுப்பது வேறு.

பெண் பாத்திரம் சேர்ப்பது கூடுதல் செலவு என்கிறார்களே?

2014 ஜூனில் பிரெஞ்சு கேம் நிறுவனமான யூபிசாஃப்ட் அப்படித்தான் சொன்னது. நான்கு பேர் சேர்ந்து ஆடும் அசாசின்ஸ் கிரீட் யூனிட்டியில் ஏன் ஒரு பெண் பாத்திரம்கூட இல்லை என்று கேட்டபோது, அசைவுகளையும் உடைகளையும் இரட்டிப்பாகச் செய்ய வேண்டியிருக்கும் என்றார்கள். அதே தொடரில் முன்பு பணியாற்றிய அனிமேட்டர் ஜொனாதன் கூப்பர், ஓரிரு நாள் வேலை அது என்று மறுத்தார்.

ஆட்டங்களை உருவாக்கும் அலுவலகங்களுக்குள் நிலைமை எப்படி?

ரயட் நிறுவனத்தைப் பற்றி 2018 ஆகஸ்டில் கொட்டாக்கு என்ற கேம் செய்தித் தளம் வெளியிட்ட விரிவான செய்தியைச் சொன்னாலே போதும். வேலைக்கு வருபவர் தீவிரமாக ஆடும் கேமர்தானா என்பதை அங்கே ஒரு தகுதியாகவே பார்த்தார்கள். என்ன ஆடுகிறாய், எவ்வளவு ஆடுகிறாய் என்று பெண்களைத் துருவித் துருவிக் கேட்டு, இவர் உண்மையான கேமர் அல்ல என்று கழித்துவிட முடிந்தது. அடையாளம் வேலைவாய்ப்பை வடிகட்டும் சல்லடையாக மாறிய இடம் அது. பாலினப் பாகுபாட்டு வழக்கில் 2021 டிசம்பரில் அந்த நிறுவனம் 10 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது, அதில் 8 கோடி பாதிக்கப்பட்ட பெண்களுக்கு. யூபிசாஃப்டில் 2020-இல் புகார்கள் வெடித்தன. 2025 ஜூலையில் பிரெஞ்சு நீதிமன்றம் அதன் முன்னாள் அதிகாரிகள் மூவரைத் துன்புறுத்தல் வழக்கில் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. புகார் கொடுத்தவர்கள் வேலையை இழக்கும் அபாயத்துடன்தான் வாய்திறந்தார்கள். திரையில் எத்தனை வகை மனிதர்கள் வந்தாலும், அவர்களை வரையும் அறையில் இது நீடித்தால் நான் அதை மாற்றம் என்று எண்ணமாட்டேன்.

ஆட்டத்தை எளிதாக்கும் அமைப்புகள் இருந்தால் சவால் போய்விடாதா? அது நியாயமா?

நியாயம் என்றால் எல்லோருக்கும் ஒரே தடை என்று பொருள் கொள்பவர்கள் கேட்கும் கேள்வி இது. ஒரே பொத்தானை நொடிக்கு ஆறு முறை அழுத்துவது, பத்து விரலும் இயல்பாக இயங்குபவருக்குச் சவால். தசைச் சிதைவு நோய் உள்ளவருக்கு அது பூட்டிய கதவு. 2018-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரில் இரண்டு பெரிய பொத்தான்களும் பின்புறம் 19 இணைப்புத் துளைகளும் உள்ளன. காலால் மிதிக்கும் பெடல், வாயால் இயக்கும் கருவி என அவரவர் உடலுக்கு ஏற்றதைச் செருகிக்கொள்ளலாம். 2020-இல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட அணுகல் அமைப்புகள் இருந்தன. ஒலியை மட்டும் கேட்டு, பார்வையற்றவர்கள் அதை முழுவதுமாக ஆடி முடித்திருக்கிறார்கள்.

தனியே ஆடும் ஆட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வேகத்தைக் குறைத்து ஆடினால் உங்கள் வெற்றியில் என்ன குறைந்துவிடும்? போட்டி ஆட்டத்தில் வரையறை தேவைதான். அதற்காக நிறக்குறைபாடு உள்ளவருக்கு எதிரியைக் காட்டும் சிவப்பு விளிம்பை வேறு நிறத்தில் காட்டுவதைச் சலுகை என்று சொல்வது அபத்தம்.

வசை பொழிபவர்கள் ஒரு சிலர்தானே? அவர்களைத் தடைசெய்தால் போதாதா?

இந்தக் கேள்விக்கு வந்த விடைதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் ஆட்டத்தின் உரையாடல்களை ரயட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அலசியபோது, தொடர்ந்து மோசமாக நடப்பவர்களால் விளைவது மொத்தத்தில் 13 விழுக்காடு மட்டுமே என்று கண்டார்கள். மீதி 87 விழுக்காடு, பெரும்பாலும் ஒழுங்காக இருப்பவர்களிடமிருந்து வந்தது. தோல்வி, களைப்பு, வேறெங்கோ பட்ட அடி என ஒரு கெட்ட நாளில் அவர்களும் வெடிக்கிறார்கள். ஆகவே, சில கெட்டவர்களை வேட்டையாடினால் தீர்ந்துவிடும் என்பது கற்பனை. அந்த உரையாடல் களம் எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ரயட் செய்த மிகச் சாதாரணமான மாற்றம் ஒன்று: எதிரணியுடன் பேசும் வசதியை முதலிலேயே அணைத்துவைத்தார்கள், வேண்டுபவர் இயக்கிக்கொள்ளலாம். உரையாடலின் அளவு ஏறக்குறைய அப்படியே இருந்தது, மோசமான பேச்சு மட்டும் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. தண்டிக்கும்போதும் காரணத்தைச் சொல்லித் தண்டித்தால் திருந்துபவர்கள் கூடினார்கள்.

2023 நவம்பரில் கால் ஆஃப் டியூட்டி ஆட்டத்தில், குரல் உரையாடலைக் கேட்டு வெறுப்புப் பேச்சை அடையாளம் காணும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளைச் சேர்த்தார்கள். இப்படிப்பட்ட கருவிகள் ஆங்கிலத்தில்தான் தொடங்குகின்றன. தமிழ் வசவை அந்த இயந்திரம் எப்போது புரிந்துகொள்ளும் என்பதைத் தமிழ் ஆட்டக்காரர்கள்தான் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

எல்லோரும் உண்மைப் பெயரில்தான் வர வேண்டும் என்று கட்டாயமாக்கினால்?

2010 ஜூலையில் பிளிஸார்டு நிறுவனம் தன் ஆட்டங்களின் விவாத அரங்குகளில் அதைச் செய்யப்போவதாக அறிவித்தது. நல்லெண்ணம் காட்ட ஓர் ஊழியர் தன் உண்மைப் பெயரை எழுதினார், சற்று நேரத்தில் அவருடைய சொந்த விவரங்களைத் தோண்டி எடுத்துப் பரப்பிவிட்டார்கள். சில நாட்களுக்குள் திட்டம் கைவிடப்பட்டது. முகமூடி வசைபாடுபவருக்கு மட்டும் உதவுவதில்லை. துரத்தப்படும் பெண்ணுக்கும், வீட்டில் சொல்ல முடியாத திருநர் பிள்ளைக்கும் அதுதான் காப்பு.

இதில் தமிழர்கள் எங்கே இருக்கிறார்கள்?

ஆடுபவர்களாக எங்கும் இருக்கிறோம். கதையாக, 2023-இல் வந்த 'வெண்பா' இருக்கிறது. டொராண்டோவின் விசை கேம்ஸ் உருவாக்கியது. 1988-இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பம், அம்மாவின் சிதைந்துபோன சமையல் குறிப்பேடு, அதில் விடுபட்டதை ஊகித்து இட்லியும் பிரியாணியும் சமைக்கும் ஆட்டம். 2024-இல் சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான பிரிட்டனின் பாஃப்டா விருது பெற்றது. மிகக் குறிப்பான ஒரு வீட்டின் கதை அது, இட்லியே சாப்பிட்டிராதவர்கள் அதை ஆடிவிட்டுத் தங்கள் அம்மாவைப் பற்றி எழுதினார்கள். பன்மைத்துவம் பேசுபவர்கள் கேட்பது இப்படிப்பட்ட ஆட்டங்களைத்தான்.

என் மகள் ஆன்லைனில் ஆட விரும்புகிறாள். தடுப்பதா, விடுவதா?

விடுங்கள், ஆனால் தனியே விடாதீர்கள். முதலில் அவளுடன் உட்கார்ந்து சில ஆட்டங்கள் ஆடிப் பாருங்கள். எந்த ஆட்டம், யாருடன் பேச முடிகிறது என்பது தெரிந்தால்தான் மற்றதெல்லாம். குரல் உரையாடலைத் தெரிந்த நண்பர்களுக்கு மட்டும் என்று அமைக்கலாம். பெரும்பாலான ஆட்டங்களில் அந்த வசதி உண்டு. ஆட்டப் பெயரில் உண்மைப் பெயர், பள்ளி, பிறந்த ஆண்டு எதுவும் இருக்கக் கூடாது. ஒருவன் வசைபாடினால் பதில் சொல்லாமல் முடக்குவது, திரைப்பிடிப்பு எடுப்பது, புகார் பொத்தானை அழுத்துவது ஆகிய மூன்றையும் நீங்களே செய்துகாட்டுங்கள். மிரட்டலோ படம் கேட்பதோ நடந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கலாம், தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் புகார் பதியலாம். முக்கியமாக, அப்படி ஒன்று நடந்ததாக அவள் வந்து சொன்னால் கைபேசியைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அடுத்த முறை உங்களிடம் சொல்லமாட்டாள்.

மகன் இருந்தால் அவனுடனும் உட்காருங்கள். அணியில் ஒரு பெண்ணின் குரல் கேட்டதும் மற்றவர்கள் கேலி தொடங்கினால், "ஆட்டத்தைப் பார்" என்று ஒரு வார்த்தை சொல்ல அவனுக்குக் கற்றுக்கொடுங்கள்.